எல்லாம் இலவசம்தானே, பிறகு ஏன் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள்?

அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ், பிளஸ் ஒன் போனால் சைக்கிள், ஐந்தாவது வரை காலைச் சிற்றுண்டி, பத்தாவது வரை மதியச் சத்துணவு. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை பாதியில் நின்றால், பிள்ளையின் சோம்பலும் பெற்றவர்களின் பொறுப்பின்மையும் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும் என்பது கேள்வி.

கேட்பவரிடம் கொஞ்சம் கோபம் தெரிந்தாலும் கேள்வி நியாயமானதுதான். ஆசிரியர் அறையிலேயே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வட மாவட்டங்களில், பெரும்பாலும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம், அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நான் பார்த்தவரை, அரசு கொடுக்கிற பொருள் எல்லாம் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறது. வராத பிள்ளையை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் காரணம் முக்கால்வாசி பள்ளிக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பதை யாருடைய வேலையாகவும் நாம் வைக்கவில்லை.

முதலில் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். காமராஜர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் போன காலை உணவு, இவையெல்லாம் வீண் போகவில்லை. ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வெளியே திரிவதை இன்று கிராமத்தில் பார்ப்பது அபூர்வம். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கில் இந்தியா முழுமைக்கும் 28.4 விழுக்காடு என்றால் தமிழ்நாட்டில் 47. இதைப் பார்த்துத்தான் பலரும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த 47-க்குள் வராத மற்றவர்கள் எங்கே, எந்த வகுப்பில் கழன்றுகொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது எப்படி நடக்கிறது தெரியுமா? ஒருநாளும் யாரும் வந்து 'நின்றுகொள்கிறேன்' என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை வராது. பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு காய்ச்சல், திருவிழா, பாட்டி வீடு. அரைப்பரீட்சை எழுதாது. பொங்கல் விடுமுறை முடிந்தால் இடம் காலி. வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்துகொண்டே இருக்கும். பெயரை எடுத்தால் இடைநிற்றல் கணக்கு ஏறும், மேலிருந்து கேள்வி வரும், மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போகும். அதனால் தலைமை ஆசிரியர் பெயரை எடுக்கத் தயங்குவார். மாணவர் விவரங்களைப் பதிவு செய்கிற அரசின் எமிஸ் இணையதளத்திலிருந்து எடுத்தாலும் அந்தப் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுத்தொகுப்பில் போய் விழும். அங்கிருந்து அதைத் தேடி எடுத்து இன்னொரு பள்ளி சேர்த்துக்கொண்டால் உண்டு.

2023 மார்ச்சில் இது ஊருக்கே வெளிச்சமானது. பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்ததும் எல்லாரும் அதிர்ந்தார்கள். மொழிப்பாடத் தேர்வுக்கே பயமா, என்ன தலைமுறை இது என்றெல்லாம் தொலைக்காட்சியில் பேசினார்கள். ஆசிரியர்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை. அந்தப் பிள்ளைகள் பத்தாவது படித்தது 2020-21-இல், கொரோனா ஆண்டில். தேர்வே இல்லாமல் எல்லாருக்கும் தேர்ச்சி. பதினொன்றில் பெயர் சேர்ந்தது, ஆள் நிற்கவில்லை. பலர் அதற்குள் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பெயர் தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் போனது, ஹால் டிக்கெட் வந்தது, தேர்வறையில் பெஞ்சு போட்டுக் காத்திருந்தோம். அவர்கள் பள்ளியை விட்டது 2021-இல். அதை நாடு கண்டுபிடித்தது 2023-இல்.

ஆண்டுதோறும் வெளியாகும் தேர்ச்சி விகிதத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2025-இல் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடு தேர்ச்சி, பெண்கள் 95.88, பையன்கள் 91.74. நல்ல செய்திதான். ஆனால் இது எழுதியவர்களின் கணக்கு. ஒன்பதாவதில் நின்றவன் இந்தக் கணக்கில் தோற்றவனாகக்கூட இல்லை.

இப்படிக் கழல்வது எல்லா வகுப்பிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. பள்ளி மாறுகிற இடங்களில்தான் அதிகம்: ஐந்து முடித்து ஆறு, எட்டு முடித்து ஒன்பது, பத்து முடித்துப் பதினொன்று. ஐந்தாவது வரை பள்ளி தெருமுனையில் இருக்கும். நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கலாம். உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர், மேல்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்தால் விதிப்படி சரி. காகிதத்தில் ஏழு கிலோமீட்டர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஊருக்கு இரண்டு டவுன் பஸ், அதில் ஒன்று காலை ஏழு மணிக்கு, இன்னொன்று ஒன்பதரைக்கு என்றால்? ஒன்பதரை பஸ்ஸில் வருபவன் தினமும் முதல் பீரியட் வெளியே நிற்பான். பாஸ் வைத்திருக்கிற பிள்ளைக் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தாமல் போகிற ஓட்டுநர்கள் உண்டு. ஏற்றினால் படியில் தொங்குகிறார்கள் என்று அவர்களும் புலம்புவார்கள். தனியார் பஸ்ஸில் பாஸ் செல்லாது. சைக்கிள் பதினொன்றில்தான் வரும், அதாவது ஒன்பதும் பத்தும் தாண்டியவனுக்கு. கல்வராயன் மலை, ஜவ்வாது மலை ஊர்களில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே உண்டு உறைவிடப் பள்ளிதான் வழி, அதில் இடம் கிடைக்க வேண்டும்.

சட்டமும் இதே இடத்தில்தான் கைவிடுகிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். எட்டாவது முடிந்ததும் பிள்ளை படிப்பது அரசின் சட்டக் கடமை என்ற நிலை மாறிவிடுகிறது. பதினான்கு வயதுக்கு மேல் அபாயமில்லாத வேலைக்குப் போவதும் சட்டப்படி குற்றமில்லை. உரிமை முடிகிற வயதில்தான் வேலைக்கான வாசலும் திறக்கிறது. இரண்டு சட்டங்களை எழுதியவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தின் பெரிய காரணம் செங்கல் சூளை. தை பிறந்து பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் சூளைகளுக்கு. கல்வராயன், ஜவ்வாது மலைக்காரர்களில் பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போவார்கள். கரும்பு வெட்டுக்குப் போவோரும் உண்டு. மேஸ்திரி மழைக்காலத்திலேயே வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பணம் அப்போதே மருத்துவச் செலவுக்கோ மகள் கல்யாணத்துக்கோ போயிருக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. மண் குழைக்க, அறுக்க, காய்ந்த கல்லைத் திருப்பிப் போட என்று கை எத்தனை இருக்கிறதோ அத்தனை சீக்கிரம் முன்பணம் கழியும். ஊரில் விட்டுவிட்டுப் போகலாமே என்று ஒரு தாயிடம் கேட்டேன். "யார்ட்ட சார் வுட்டுட்டுப் போறது? கெழவிக்கே கண்ணு தெரியல" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது?

இதில் பள்ளிக்கு நேர்வது என்னவென்று பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். அதில்தான் பாடங்கள் முடிகின்றன, தேர்வு நடக்கிறது. ஆனியில் மழை வந்து சூளை அணைந்ததும் பிள்ளை திரும்பி வந்து அடுத்த வகுப்பில் உட்காரும். ஆண்டுக்கு ஒரு பருவம் போனால் மூன்று ஆண்டில் ஒரு முழு வகுப்பு போகிறது. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அந்தப் பிள்ளை ஐந்தாவது அறிவோடு எட்டாவது முடிக்கும். நிறுத்தி வைக்காததுதான் தவறு என்று இதை வைத்துச் சிலர் வாதிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறாவதில் இரண்டு முறை உட்கார வைத்திருந்தால் அந்தப் பிள்ளை ஆறாவதிலேயே நின்றிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. புலம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாதங்களுக்கு மட்டும் பருவகால விடுதி நடத்தலாம். அனைவருக்கும் கல்வித் திட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. திருவள்ளூரில் ஒடிசாவிலிருந்து வரும் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்திப் பார்த்தார்கள். எங்கிருந்தோ வருகிற பிள்ளைக்கு இதைச் செய்ய முடிந்தால், விழுப்புரத்திலிருந்து அதே சூளைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் நான்கு மாதம் உட்கார வைப்பது முடியாத காரியமில்லை. ஆனால் அதை மார்கழியிலேயே யோசிக்க வேண்டும். தை பிறந்தபின் யோசித்தால் வண்டி போயிருக்கும்.

அடுத்தது, நான் கணக்கு வாத்தியார் என்பதால் எனக்கு மிக நெருக்கமானது. ஒன்பதாவதில் காரணிப்படுத்துதல் நடத்த வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. வாய்ப்பாடு பாதியில் நிற்கும். வாக்கியக் கணக்கு என்றால் முதலில் அந்த வாக்கியத்தைத் தமிழில் படிக்கவே தடுமாறுவார்கள். இவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. சந்தையில் காய் விற்றுச் சில்லறை மாற்றித் தருகிறவர்கள். தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர், அவருக்கு எமிஸ் பதிவேற்றம், கூட்டம், சத்துணவுக் கணக்கு. மீதி ஒருவர் ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் சமாளிப்பார். எழுத்துக்கூட்டுவதில் ஒரு பிள்ளை எங்கே சிக்குகிறது என்று உட்கார்ந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்?

இதன்மேல் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்ந்த பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்குள் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பு பாதியாகியிருந்தது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற ஏசர் கணக்கெடுப்பு 2022-இல் கிராமப்புறத்தில் பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான் இருந்தார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே படித்த பெண்கள், மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்து நடத்தினார்கள். என் அனுபவத்தில் சமீபகாலத்தில் வந்த திட்டங்களிலேயே உருப்படியானது அதுதான். அதைச் சுருக்கியிருக்கக் கூடாது. 2022-இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்தது, பிறகு ஐந்துவரை நீட்டினார்கள்.

ஆனால் அப்போது ஏற்கெனவே ஐந்தாவது, ஆறாவதுக்குப் போய்விட்ட பிள்ளைகள்? கொரோனாவில் பள்ளி மூடியபோது மூன்றாவது படித்தவர்கள் 2025-26-இல் ஒன்பதாவதுக்கு வந்தார்கள். படிக்கக் கற்றுக்கொள்கிற வயதில் பள்ளி மூடியிருந்தது. படித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் பாடநூல் கனத்துவிட்டது. ஆறு முதல் ஒன்பது வரைக்கான 'திறன்' திட்டம் 2025-இல்தான் வந்தது. நல்லது, நடக்கட்டும். இந்த ஒன்பதாம் வகுப்புதான் என் கவலை. அங்கேதான் நம் பள்ளிகள் ஒரு காரியம் செய்யும், வெளியே சொல்லிக்கொள்ளாமல். பத்தாவதில் நூறு சதவீத ரிசல்ட் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனின் அப்பாவை ஒன்பதாவது முடிவில் கூப்பிட்டு, 'டி.சி. வாங்கிக்கொண்டு போய் வேறு ஏதாவது பாருங்கள்' என்பார்கள். தனியார் பள்ளி இதைத் தைரியமாகச் செய்யும், அரசுப் பள்ளி தயங்கித் தயங்கிச் செய்யும். ரிசல்ட்டை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடுகிறவரை இது நிற்காது.

ஆங்கில வழிப் பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பரவலாகத் திறந்தார்கள். பெற்றோர் கேட்டார்கள், அதில் தவறில்லை. ஆனால் தமிழே சரளமாகப் படிக்க வராத பிள்ளை ஆங்கிலத்தில் அறிவியல் படிப்பதாகப் பதிவேடு சொல்கிறது. ஆசிரியர் தமிழில் நடத்துவார், பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதும். இரண்டு மொழியும் கைக்கு வராது.

இப்படிப்பட்ட பையனுக்கு வகுப்பறை தினமும் ஆறு மணி நேர அவமானம். அதே பையன் சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போனால் ஒரு நாளைக்குக் கையில் ரூ.500 வரும், சென்ட்ரிங், டைல்ஸ், பெயின்டிங் என்றால் இன்னும் கூட. அங்கே அவன் திறமைசாலி, மேஸ்திரி தட்டிக்கொடுப்பார். கூலியில் பாதியை அம்மாவிடம் கொடுப்பான், மீதியில் போன் வாங்குவான். அப்பா குடிப்பவராக இருந்தால் அந்தக் காசுதான் வீட்டுக்கு அரிசி. இதைத்தான் நாம் 'ஆர்வமின்மை' என்று படிவத்தில் நிரப்புகிறோம். காரணம் எழுத வேறு கட்டம் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அதில்தானே போட வேண்டும்! பெண்களைவிடப் பையன்கள் பின்தங்குவதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பையனின் உழைப்புக்குச் சந்தையில் விலை சீக்கிரமே கிடைத்துவிடுகிறது.

பெண்பிள்ளைகளுக்குத் தடை வேறு மாதிரி. அவர்கள் நன்றாகப் படிப்பார்கள், வருவார்கள், பிறகு ஒருநாள் நின்றுபோவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்கிராமங்களில் பதினாறு வயதுக் கல்யாணம் இன்னும் நிற்கவில்லை. பத்தாவது தேர்வு முடிந்த கோடை விடுமுறைதான் அதற்குத் தோதான காலம். ஜூனில் அந்தப் பெண் வராவிட்டால் 'வேறு பள்ளி போயிருக்கலாம்' என்று நினைத்துக்கொள்வார்கள். கொங்குப் பக்கத்திலும் திண்டுக்கல்லிலும் நூற்பாலைகள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்களை அழைத்துப் போனது பழைய கதையில்லை. அந்தப் பெயர் மறைந்துவிட்டது, விடுதிகள் மறையவில்லை.

இந்த விஷயத்தில் அரசு காசை எங்கே வைத்தது என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திட்டம் படித்த பெண்ணுக்குத் திருமண உதவி கொடுத்தது. படிக்க வைத்தால் கல்யாணத்துக்குப் பணம் என்ற அந்த நிபந்தனை அந்தக் காலத்தில் பல பெண்களைப் பள்ளியில் பிடித்து வைத்தது உண்மை. 2022-இல் அதையே புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். கல்யாணத்துக்கு இருந்த பணம் படிப்புக்கு வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. இரண்டுமே கல்லூரி வாசலில் கிடைக்கிற பணம். ஒன்பதாவதில் நிற்கப் போகிற பிள்ளைக்கு அந்த ஆயிரம் ரூபாய் நான்கு வருஷ தூரத்தில் இருக்கிறது. எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000 உண்டு. சரியான இடத்தில் வைத்த உதவி. ஆனால் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 பேர்தான். அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு.

வங்கிக் கணக்கு என்றதும் காகிதம் நினைவுக்கு வருகிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், முதலெழுத்து இடம் மாறியிருக்கும், பிறந்த தேதி வேறாக இருக்கும். ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு இதைத் திருத்துவது இரண்டு மூன்று நாள் கூலியை இழப்பது. இருளர், காட்டுநாயக்கர், மலைக்குறவர் போன்றோருக்கு இதைவிடக் கொடுமை, சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடியும். பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. நடப்பில் சான்றிதழே இல்லாதவர்கள்தான் அதில் அதிகம் மாட்டுகிறார்கள். உன் ரத்த சொந்தத்தில் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது, காட்டு என்பார்கள். தலைமுறையில் முதல்முறையாகப் பத்தாவது வந்த பெண், அப்பன் எலி பிடிக்கிறவர், பாட்டன் ஏரிக்கரையில் வாழ்ந்தவர், யாரிடம் போய் வாங்குவாள்? பள்ளியில் சேர அந்தச் சான்றிதழ் தேவையில்லைதான். உதவித்தொகைக்கும் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கும் வேண்டும். 'பன்னிரண்டு முடித்தாலும் சான்றிதழ் கிடைக்காது, அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு' என்று தம்பி ஒன்பதாவதிலேயே நின்றுவிடுவான். ஒருத்திக்கு மறுத்த சான்றிதழ் ஒரு குடியிருப்பையே நிறுத்தும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள். சட்டம் மாறியது பெரிய வெற்றி, ஆனால் அவர்களும் இனி அதே கோட்டாட்சியர் அலுவலக வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சாதியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவரை அவருடைய பள்ளித் தோழர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தொடர்ந்த துன்புறுத்தலால் அந்த மாணவர் அதற்கு முன்பே பள்ளிக்கு வராமல் இருந்தார், ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்ததிலிருந்துதான் விவகாரம் வெளியே வந்தது. இது முக்கியம். வெட்டு நடக்காதிருந்தால் அதுவும் ஒரு 'நீண்டநாள் வராதவர்' கணக்குத்தான், காரணம், ஆர்வமின்மை. தென்மாவட்டங்களில் கையில் கட்டுகிற கயிற்றில் எந்த நிறம் எந்தச் சாதி என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. 2019-லேயே கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், பொட்டு அடையாளங்களைத் தடுப்பது, பள்ளிப் பெயரிலிருந்து சாதியை எடுப்பது, ஓரிடத்தில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகப் போடாமல் இருப்பது என்று பல பரிந்துரைகள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது; ஏனென்றால் கயிற்றைப் பையனிடமிருந்து அறுத்துவிடலாம், ஆசிரியர் அறையில் கட்டியிருப்பதை யார் அறுப்பது? தெற்கை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 2018-இல் அவிநாசிப் பக்கம் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் கூடி நின்றார்கள். அந்தப் பள்ளியில் தட்டேந்தி உட்கார்ந்த பிள்ளைகள் அன்று படித்த பாடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

கழிப்பறை, தண்ணீர், ஆய்வகம் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். கட்டடம் முன்னைவிட மேல். கழிப்பறை இருக்கிறது, கழுவ ஆள்தான் இல்லை. மாற்றுத்திறன் பிள்ளைகள் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இரண்டு வரியில் அடங்காது. பணம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், அனைவருக்கும் கல்வித் திட்டத்துக்கு 2024-25-இல் ஒன்றிய அரசு தர வேண்டிய ரூ.2,152 கோடி நின்றுபோனது. அந்தக் கொள்கையை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஆனால் பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் ஓடுவது அந்தப் பணத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம்? மூன்றாம் நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன், ஏழாம் நாள் நேரில் போவது என்று வைத்துக்கொண்ட பள்ளிகளில் பிள்ளைகள் நிற்பது குறைவு. முப்பது நாள் கழித்துப் போனால் அவன் எந்த ஊரில் வேலை செய்கிறான் என்பதே தெரியாது. வகுப்பு நடத்துகிற ஆசிரியரை இதற்கு அனுப்பாமல், ஊருக்குள்ளேயே உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வாதம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான். அவர்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல் வராத பிள்ளைகளின் பட்டியலைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தெருவில் என்ன சண்டை, எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பதினெட்டுக்கு முன் கல்யாணம் என்று காதில் விழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; பள்ளிச் சேர்க்கை, தேர்வுச் சந்தேகங்களுக்கு 14417.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது நின்றிருந்தால், வழி இன்னும் இருக்கிறது. எட்டாவதுக்குள் என்றால் டி.சி. இல்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை வைத்து மிரட்டக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. எட்டாவதே முடிக்காதவர் பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். பத்தாவதில் ஒன்றிரண்டு பாடம் போனவர் துணைத்தேர்வு எழுதித் தேறி அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். ஒரு வருஷம் சும்மா இருக்கத் தேவையில்லை. அப்படிச் சும்மா இருந்தவர்கள்தான் பெரும்பாலும் திரும்புவதில்லை. புத்தகமே வேண்டாம் என்கிற பையனுக்குத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. இருக்கிறது, வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் ரூ.750 உதவித்தொகையும் தருகிறார்கள். கேட்டரிங்கில் ஒன்றரை நாள் கூலிதான் அது என்று பையன் சொல்வான். அப்போது சண்டை போடாமல், ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போன உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து பேச வையுங்கள். வாத்தியார் சொல்வதைவிட அவன் சொன்னால் கேட்பான்.